91 சிசியா, 94 சிசியா: மலையில் மரம் வெட்டப் பெரிய சங்கிலி வாள் எது?

2024 மே 18, காலை

ராகலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தோட்டத்து யூகலிப்டஸ் வெட்டும் குத்தகை கிடைத்திருக்கிறது. கையில் இருக்கும் 72 சிசி வாள் பெரிய மரத்துக்குப் போதவில்லை. ஸ்டில் எம்எஸ் 661 வாங்குவதா, ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி வாங்குவதா? கடைக்காரர் ஒவ்வொருவரும் தன் கடையில் இருப்பதையே புகழ்கிறார். ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

ஒரே வார்த்தைக்குள் அடங்காது, தம்பி. கடதாசியில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமன். எம்எஸ் 661 இன் கொள்ளளவு 91.1 சிசி, வலு 5.4 கிலோவாட், பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் இல்லாத எடை 7.4 கிலோ. 395 எக்ஸ்பி 93.6 சிசி, எடை 7.9 கிலோ, வலு ஐந்து கிலோவாட்டை ஒட்டி நிற்கும். இந்த வித்தியாசத்தை வைத்துக் கடை வாசலில் மணிக்கணக்காக வாதாடலாம். மரத்தில் பாரை வைத்தபின் இரண்டும் அசுரத்தனமாகத்தான் இழுக்கின்றன. இரண்டையும் பல வருடங்களாகக் கையாள்கிறேன், இரண்டிலும் எனக்கு மரியாதை உண்டு.

நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது, எந்த உயரத்தில் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை. ராகலையோடு நின்றுவிடுவீர்களா? அல்லது இந்த மாதம் ராகலை, அடுத்த மாதம் கித்துல்கலை என்று ஏறி இறங்குவீர்களா? 395 இல் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைத் திருகாணியால் நாமே சரிசெய்ய வேண்டும். 661 இன் எம்-ட்ரொனிக் ரகத்தில் அந்தத் திருகாணிகளே இல்லை. எவ்வளவு பெற்றோல் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மின்வால்வு தீர்மானிக்கிறது. நம் பக்கத்து வேலைக்கு இந்த இரண்டுக்கும் நடுவே எனக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் அதுதான்.

ஒரே உயரத்தில் வேலை, காபரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்யத் தெரிந்தவர் குழுவில் இருக்கிறார் என்றால் 395. ஊர் ஊராக ஏறி இறங்கும் வேலை என்றால் 661. வாங்கும்போது "661" என்ற இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். திருகாணி வைத்த 661 உம் விற்பனையில் உண்டு. "சி-எம்" என்ற எழுத்து சேர்ந்திருந்தால்தான் எம்-ட்ரொனிக்.

2024 மே 18, இரவு

உயரத்துக்கும் வாளுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மலைநாட்டில் சாகும் சிலிண்டர்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு எண்பது அளவுதான். ஹட்டன் பக்கம் எண்பத்தாறு. கொழும்பில் கடைக்காரர் சரிசெய்து கொடுத்த வாளை அப்படியே மேலே கொண்டுவந்தால், காற்று குறைந்திருக்கும், பெற்றோல் மட்டும் பழைய அளவிலேயே வரும். கலவை கனத்துப்போகும். வாள் கமறும், புகை தள்ளும், பிளக்கைக் கழற்றினால் கரி ஒட்டி ஈரமாக இருக்கும். அதைப் பார்த்து, முழு வேகத்தில் போகும் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் எச் திருகாணியை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிக் கலவையை மெலியவைக்கிறோம். வாள் சுத்தமாக ஓடுகிறது. இதுவரை ஆபத்து எதுவும் இல்லை.

ஆபத்து இறங்கும்போது வருகிறது. மேலே மெலியவைத்த அதே வாளோடு கினிகத்தேனை தாண்டி இறங்குங்கள். காற்று அடர்த்தியாகிறது, பெற்றோல் போதவில்லை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் வருவதே பெற்றோலோடு சேர்ந்துதான்; பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். சூடு ஏறும். கேட்பவருக்கு அது கோளாறாகவே தெரியாது. சத்தம் கூர்மையாகி, வேகம் கூடி, "இன்று வாள் என்னமாய் இழுக்கிறது!" என்றுதான் தோன்றும். எங்களோடு வேலை செய்யும் ஒரு நண்பர் பொகவந்தலாவையில் சரிசெய்த வாளை எடுத்துக்கொண்டு அவிசாவளைப் பக்கம் ரப்பர் மரம் வெட்டப் போனார். பகல் சாப்பாட்டுக்கு முன்னரே வாள் நின்றுவிட்டது. சைலென்சரைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மோதிரம் (ரிங்) அலுமினியத்துக்குள் புதைந்துபோயிருந்தது. அது எந்தக் கம்பனி வாள் என்று இங்கே சொல்ல மாட்டேன். திருகாணி வைத்த எந்த வாளுக்கும் அதே கதிதான்.

காதால் சரிசெய்வது எப்படி என்றால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, செயின் கூராக இருக்கும்போது, மரத்தில் வைக்காமல் முழு எக்ஸிலேட்டர் கொடுங்கள். லேசாகத் தடுமாறுவதுபோல ஒரு கரகரப்பு கேட்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சுருதி சுத்தமாக வேண்டும். வெட்டிலிருந்து மெல்லத் தூக்கினால் கரகரப்பு திரும்ப வர வேண்டும். வராவிட்டால் மெலிந்திருக்கிறது, இடப்பக்கம் திருப்புங்கள். சந்தேகம் இருந்தால் சுழற்சிமானியை வைத்துப் பாருங்கள். கையேட்டில் போட்டிருக்கும் உச்ச சுழற்சியைத் தாண்டவே கூடாது.

2024 மே 19

"எம்-ட்ரொனிக் இருந்தால் மலையிலும் முழு வலு வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வராது. இல்லாத காற்றை எந்த மின்வால்வும் உண்டாக்க முடியாது. அது செய்வது கலவையைச் சரியாக வைத்திருப்பது மட்டுமே. 5.4 கிலோவாட் வாள் நுவரெலியாவில் ஏறக்குறைய 4.3 தான் கொடுக்கும். ராகலைத் தம்பியின் 72 சிசி வாள் எம்எஸ் 382 ரகமாக இருந்தால், கடதாசியில் 3.9 கிலோவாட், அந்த உயரத்தில் மூன்றைச் சற்றுத் தாண்டும். அது போதவில்லை என்று அவர் சொன்னது அவருடைய கற்பனை இல்லை. கீழ்நாட்டில் 70 சிசி வாளோடு சமாளிக்கும் ஒருவர் இங்கே வந்தால் ஒரு படி பெரிய வாள் எடுக்க வேண்டிவரும்.

2024 மே 23

எம்-ட்ரொனிக்கோ திருகாணியோ, அதைவிட முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் குழுவில் ஏற்கெனவே என்ன வாள்கள் இருக்கின்றன?

ஸ்டில் பெரிய வாள்களின் பாரும் ஹஸ்க்வர்னா பெரிய வாள்களின் பாரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. போல்ட் நுழையும் வெட்டின் அகலம் வேறு, ஒயில் துளை இருக்கும் இடம் வேறு. செயினிலும் சிக்கல் உண்டு. 3/8 அங்குலச் செயின் இரண்டிலும் ஓடும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், ஆனால் பாரின் பள்ளத்துக்குள் ஓடும் பல்லின் தடிப்பு ஸ்டில்லில் பெரும்பாலும் 1.6 மில்லிமீற்றர், ஹஸ்க்வர்னாவில் பெரும்பாலும் 1.5. தடித்தது மெல்லிய பள்ளத்துக்குள் இறங்காது. மெல்லியதைத் தடித்த பள்ளத்தில் போட்டால் செயின் பக்கவாட்டில் ஆடும், வெட்டு வளையும், பார் சீக்கிரம் தேயும்.

கண்காணாத ஒரு மலைச்சரிவில், றோட்டிலிருந்து தேயிலை நிரைகளுக்குள்ளால் கால் மணி நேரம் ஏறிப்போய், பார் மரத்துக்குள் இறுகிப்போன நிலையை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரின் வாளிலிருந்து பாரைக் கழற்றிப் போட முடிந்தால் அன்றைய வேலை நடக்கும். முடியாவிட்டால் ஒருவர் இறங்கிப்போய் வர வேண்டும். அதனால் குழுவில் மூன்று ஸ்டில் இருந்தால் நாலாவதும் ஸ்டில்லாக இருக்கட்டும். ஹஸ்க்வர்னா குழுவுக்கும் அப்படியே. இரண்டில் எது நல்லது என்ற வாதம் முதல் வாள் வாங்குபவருக்கு மட்டுமே உரியது.

2024 ஜூன் 2

பண்டாரவளை அண்ணன் கோபமாக எழுதியிருக்கிறார்: "070 ஐ மறந்துவிட்டு என்னத்தைப் பேசுகிறீர்கள்?"

அண்ணே, மறக்கவில்லை. ஸ்டில் 070 இந்த மலைகளில் செய்த வேலையை யாரும் மறுக்க முடியாது. 106 சிசி, நிதானமான சுழற்சி, முரட்டு இழுவை. எம்-ட்ரொனிக் என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்குப் போன விறகில் பெரும்பங்கு அந்த வாளால் விழுந்த மரங்கள்தான். நான் தொழில் பழகியதும் அதில்தான். பழுதானால் மரத்தடியிலேயே உட்கார்ந்து ஒரு ஸ்பானரோடு கழற்றிப் பூட்டலாம். அந்த எளிமை இன்றைய எந்த வாளிலும் கிடையாது.

ஆனாலும் இன்று புதிதாகத் தொழிலுக்கு வரும் ஒரு பையன் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. பழைய 070 இல் செயின் பிரேக் இல்லை. பாரின் மூக்கு எதிலாவது பட்டு வாள் முகத்தை நோக்கி எகிறினால் செயினை நிறுத்த எதுவும் இல்லை. ஹஸ்க்வர்னா தானாகப் பிடிக்கும் செயின் பிரேக்கை 1973 இலேயே கொண்டுவந்துவிட்டது, ஸ்டில்லும் அதே காலத்தில் பிரேக் வைத்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் கண்டுபிடித்த பாதுகாப்பு நமக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

அடுத்தது அதிர்வு. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த எஞ்சினின் துடிப்பு நேராகக் கைப்பிடிக்கு வருகிறது. இன்றைய வாள்களில் நடுவே ஸ்பிரிங்கோ ரப்பரோ இருந்து அதை விழுங்குகிறது. ஐரோப்பாவில் கைக்கு வரும் அதிர்வு ஒரு நாளுக்குச் சராசரியாக விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீற்றரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், ஐந்தைத் தாண்டவே கூடாது என்று சட்டம். இங்கே அப்படி அளப்பவர் யார்? குளிர்காலை வேளையில் விரல் நுனிகள் வெள்ளையாகி, மரத்துப்போய், தேநீர்க் கோப்பையின் சூடு தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பழைய வாள்காரர்களை அண்ணனும் பார்த்திருப்பீர்கள். அந்த விரல்கள் திரும்பச் சரியாவதில்லை.

இன்னொன்று: இப்போது சந்தையில் "070" என்று கிடைப்பவற்றில் பல, பார்வைக்கு அச்சாக அதுபோலவே வார்த்த நகல்கள். வார்ப்பின் ஓரங்களைத் தடவிப் பாருங்கள், பொறித்த இலக்கத்தைப் பாருங்கள், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

2024 ஜூன் 3

அண்ணன் பதில்: "என் 070 க்கு என்னைவிட வயது கூட, அது இன்னும் நேராக நிற்கிறது, எனக்குத்தான் முதுகு வளைந்துவிட்டது." நன்றாகச் சிரித்தேன். முதுகு வளைந்த காரணத்தையும் அண்ணனே சொல்லிவிட்டார்.

2024 ஜூன் 16

எடையைப் பற்றி இன்னும் கொஞ்சம். 661 க்கும் 395 க்கும் அரைக் கிலோதான் வித்தியாசம் என்று முதல் குறிப்பில் கடந்து போயிருந்தேன். வெட்டும் நேரத்துக்கு அது சரி. மஸ்கெலியா நண்பர் ஒருவர் சொல்வது தூக்கிச் செல்லும் நேரத்தைப் பற்றி, அதில் நியாயம் இருக்கிறது. இங்கே வாள் வெட்டும் நேரத்தைவிடத் தோளில் இருக்கும் நேரம் அதிகம். வாள், பெற்றோல் கான், செயின் ஒயில், ஆப்பு, சுத்தியல், கயிறு எல்லாம் சேர்த்துச் சுமந்துகொண்டு, மழையில் வழுக்கும் வடிகால் ஓரத்தில் ஏறும்போது பின்னேரத்தில் ஒவ்வொரு அரைக் கிலோவும் தெரிகிறது. களைத்த கைதான் வாளைத் தவறவிடும்.

எம்எஸ் 500i என்ற ஸ்டில் வாளைப் பற்றியும் அவர் கேட்டார். 2019 இல் வந்தது. 79.2 சிசி, 5 கிலோவாட், எடை 6.2 கிலோ மட்டும். காபரேட்டருக்குப் பதிலாகப் பெற்றோலை ஊசிமூலம் செலுத்துகிறது. சங்கிலி வாள்களில் அதுதான் முதல். மலை ஏறும் ஒருவருக்கு மனதை இழுக்கும் இலக்கங்கள். 25 அங்குலப் பாருக்குள் வேலை முடிந்துவிடும் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். மரத்தின் அடி ஒரு மீற்றரை நெருங்கினால் 90 சிசிக்குக் குறையாதீர்கள்.

2024 ஜூன் 17

ஒயில் கலவை பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. இதில் இரண்டு கம்பனிகளும் வெவ்வேறாகச் சொல்கின்றன, கவனமாகப் படியுங்கள்.

சொந்தக் கம்பனி ஒயில் போட்டால் இரண்டுக்கும் 50 க்கு 1. ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். வேறு கம்பனியின் இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் போட்டால் ஸ்டில் கையேடு 25 க்கு 1 என்கிறது, அதாவது ஐந்து லீற்றருக்கு 200. ஹஸ்க்வர்னா 33 க்கு 1 என்கிறது, ஐந்து லீற்றருக்கு 150. பெற்றோல் செட்டில் கிடைக்கும் ஏதோ ஓர் ஒயிலை வாங்கி 50 க்கு 1 கலந்துவிட்டுக் கம்பனியைத் திட்டுவது நியாயமில்லை. ஒயில் கானில் ஜாசோ எஃப்டி என்ற குறி இருந்தால் நல்ல தரம்.

கலந்ததை வைத்திருக்காதீர்கள். அந்த மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலவுங்கள். மழைக்காலத்தில் வேலை நின்று கான் மூலையில் கிடந்தால், அந்தப் பெற்றோலை வாளில் ஊற்ற வேண்டாம்.

பாருக்கு லொறியிலிருந்து கழித்தெடுத்த பழைய ஒயிலை ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் உலோகத்தூள் இருக்கிறது, ஒயில் பம்பைத் தின்னும். அந்த ஒயில் முழுவதும் வெட்டும்போது தெறித்துத் தேயிலைச் செடிக்கும் மண்ணுக்கும் போகிறது. கீழே ஒரு லயத்துக்குத் தண்ணீர் போகும் ஓடை இருக்கும்.

2024 ஜூன் 30

கம்பனியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மழுங்கிய செயின் போட்ட 661 ஐவிடக் கூர்செய்த செயின் போட்ட 72 சிசி வாள் வேகமாக வெட்டும். இதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மரத்தடியில் கொட்டுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். விரல் நகம் அளவில் சதுரச் சதுரமாகச் சீவல் வந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மாவுபோலத் தூள் வந்தால் நிறுத்துங்கள். தூள் வரும்போது நாம் வாளை அழுத்துகிறோம், அழுத்த அழுத்தப் பார் சூடாகிறது, எஞ்சின் திணறுகிறது, பிறகு "இந்தக் கம்பனி வாளே சரியில்லை" என்கிறோம்.

3/8 செயினுக்கு ஸ்டில் 5.2 மில்லிமீற்றர் அரம் சொல்கிறது, ஹஸ்க்வர்னா 5.5. அடிமரத்தில் வாளை நிறுத்தி, பாரை ஓர் இடுக்கியில் இறுக்கி, ஒரே திசையில், உள்ளிருந்து வெளியே, 30 பாகைச் சாய்வில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். திரும்ப வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பக்கத்துப் பற்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போனால் வெட்டு வளைந்து போகும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு மேடு இருக்கிறதே, அதைப் பலர் தொடுவதே இல்லை. பல் தேயத் தேய அந்த மேட்டையும் இறக்க வேண்டும். 3/8 செயினில் பல்லைவிட 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். அளவுக்கு மேல் இறக்கினால் வாள் துள்ளும், எகிறும்.

யூகலிப்டஸ் கட்டைகளைச் சேற்றில் இழுத்துக் கொண்டுவந்து றோட்டோரத்தில் துண்டுபோடுபவர்கள் மூலை உருண்ட பல் உள்ள செயின் வாங்குங்கள். கூர்மூலைப் பல் சுத்தமான மரத்தில் வேகமாக வெட்டும், ஆனால் மண் பட்ட மறுகணம் மழுங்கிவிடும்.

இன்று நாம் போடும் இந்தச் செயினின் வடிவத்தை முதலில் யோசித்தவர் ஜோ கொக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி. 1946 இல் ஓர் அடிமரத்தைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப்புழுவின் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டுவதைக் கவனித்து, அதேபோல இரு பக்கமும் பல் வைத்தார். ஸ்டில் ரசிகரும் ஹஸ்க்வர்னா ரசிகரும் சண்டை பிடிப்பது அந்தப் புழுவின் தாடையை வைத்துக்கொண்டுதான் என்று நினைக்கும்போது எனக்கு எப்போதும் வியப்பு வரும்.

2024 ஜூலை 14

ஹஸ்க்வர்னாவிலும் தானே சரிசெய்யும் வாள் உண்டே என்று வெலிமடையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். உண்டு, ஓட்டோடியூன் என்று பெயர். 592 எக்ஸ்பி அப்படிப்பட்டது: 92.7 சிசி, 5.6 கிலோவாட், 7.4 கிலோ. 395 க்குப் பக்கத்தில் வைத்தால் வலுவும் கூட, எடையும் குறைவு. ஆகவே ஸ்டில் என்றால் தானியங்கி, ஹஸ்க்வர்னா என்றால் திருகாணி என்று யாரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டாம். தம்பி கேட்ட இரண்டு மாதிரிகளுக்கு மட்டுமே நான் சொன்னது பொருந்தும். காசு இடம்கொடுத்து, அந்த வாள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தால் 661 ஐயும் 592 ஐயும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுக்க வேண்டும்.

தானியங்கி வாள்களைப் பற்றி எனக்கு ஒரு கவலை மட்டும் போகவில்லை. உள்ளே கோளாறு வந்தால் அதைக் கணினியோடு இணைத்துப் பார்க்கும் கருவி வேண்டும். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: அந்தக் கருவி கண்டியில் இருக்கிறதா, அல்லது வாளைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் எத்தனை நாள்? அந்த நாட்களுக்கு மாற்று வாள் தருவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் திருகாணி வைத்த வாளே மேல். பெற்றோல் வடிகட்டி அடைத்திருப்பது, காற்று வடிகட்டி நனைந்திருப்பது போன்ற சின்ன விடயங்களை முதலில் பார்த்துவிடுங்கள். மூடுபனியிலும் தூறலிலும் நாள் முழுக்க வெட்டினால் காற்று வடிகட்டியில் ஈரத்தூள் களிபோல ஒட்டிவிடும். அதைத் தட்டினால் போகாது, கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். மாற்று வடிகட்டி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

மக்கிட்டா பெரிய வாள் மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்டவருக்கு: நல்ல வாள்கள் அவை. ஆனால் அந்தக் கம்பனி 2022 மார்ச்சோடு பெற்றோல் இயந்திர உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனிவரும் வருடங்களில் உதிரிப்பாகம் எங்கே தேடுவீர்கள் என்பதை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

2024 ஜூலை 21

மரம் விழுந்த இடத்திலேயே பலகை அறுப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. குறுக்கே வெட்டுவது ஒரு நிமிட வேலை. நீளவாக்கில் அறுக்கும்போது எஞ்சின் முழுச் சுமையில் மூச்சுவிடாமல் ஓடுகிறது. அங்கே ஸ்டில் எம்எஸ் 881, ஹஸ்க்வர்னா 3120 எக்ஸ்பி இரண்டும்தான் போட்டி. 881 இல் 121.6 சிசி, 6.4 கிலோவாட், 9.9 கிலோ. 3120 இல் 118.8 சிசி, 6.2 கிலோவாட், 10.4 கிலோ. இங்கே என் மனம் 881 பக்கம் சாய்கிறது. செயின் பல்லின் சாய்வை 30 பாகையிலிருந்து 10 பாகைக்கு மாற்றுங்கள், பலகை வழுவழுப்பாக வரும். ஒவ்வொரு பலகைக்கும் பிறகு எஞ்சினை உடனே நிறுத்தாமல், சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டு ஆறவிடுங்கள்.

மரம் வீழ்த்த இவற்றை வாங்காதீர்கள். சரிவில் நின்றுகொண்டு பத்துக் கிலோவைப் பிடித்தபடி, மரம் அசையும்போது பின்னால் விலகி ஓடுவது உயிரோடு விளையாடுவது.

2024 ஓகஸ்ட் 4

சட்டம் பற்றிக் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 இல் சங்கிலி வாள்களைப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவில்லாத வாளோடு றோட்டில் மாட்டிக்கொண்டால் வாளும் போகும், குத்தகையும் போகும். பலா, ஈரப்பலா இரண்டையும் சொந்தத் தோட்டத்தில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் இருக்கிறது. தோட்டத்து மரமானால் நிர்வாகத்தின் எழுத்து மூலமான கடிதம் இல்லாமல் ஒரு கிளையையும் தொடாதீர்கள், "துரை சொல்லிவிட்டார்" என்று யார் வந்து சொன்னாலும் சரி.

கூடவே, செருப்போடு வாள் பிடிப்பவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. வாளுக்கு இலட்சக்கணக்கில் கொடுக்கிறோம். இரும்புமூக்குச் சப்பாத்து, காதடைப்பு, முகவலை, செயின் பட்டால் நாரெல்லாம் வெளியே வந்து ஸ்ப்ரொக்கெட்டை (செயினை ஓட்டும் பற்சக்கரம்) இறுக்கி நிறுத்தும் காற்சட்டை ஆகியவற்றையும் அதே நாளில் வாங்குங்கள். அவற்றுக்குக் காசு மிஞ்சாவிட்டால் ஒரு படி சிறிய வாள் எடுங்கள். அட்டை ஏறுகிறது என்று சப்பாத்தைக் கழற்றி வைக்கும் பையன்களுக்கு: காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசுங்கள், சப்பாத்தைக் கழற்றாதீர்கள்.

2024 ஓகஸ்ட் 25

கடைசியாக, பழைய வாள் வாங்கலாமா என்று கேட்ட நாவலப்பிட்டி நண்பருக்கு.

வாங்கலாம், ஆனால் ஓடவைத்துக் காட்டும் சத்தத்தை நம்பி வாங்க வேண்டாம். முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று சிலிண்டர் மூடியைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் கிளம்பாத குறையை மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஸ்டார்ட் கயிற்றைக் கையில் பிடித்து, வாளைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கவிடுங்கள். அமுக்கத்தை இறக்கும் வால்வை அழுத்தாமல் பாருங்கள். அமுக்கம் நன்றாக இருந்தால் வாள் விட்டு விட்டுத்தான் இறங்கும். வழுக்கிக்கொண்டு சரசரவென்று இறங்கினால் மோதிரமோ சிலிண்டரோ போய்விட்டது.

சைலென்சரைக் கழற்றச் சம்மதிக்காதவரிடம் வாங்கவே வேண்டாம். கழற்றினால் புகைவாயின் வழியாகப் பிஸ்டன் தெரியும். கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்து, கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். ஆலையில் கடைந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகச் சாம்பல் நிறத்தில் கீறல் இருந்தால் மெலிந்த கலவையில் ஓடியிருக்கிறது. அப்படியானால் சிலிண்டர் தொகுதியின் விலையை முழுதாகக் கழித்துத்தான் பேச வேண்டும், அதுவும் அசல் பாகத்தின் விலையை. பாரைக் கழற்றி, ஸ்ப்ரொக்கெட்டில் செயின் ஓடிய தடம் ஆழமாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மாற்றப் பெரிய செலவில்லை. பின்கைப்பிடியைப் பிடித்து அசைத்தால் ஸ்பிரிங் உடைந்திருப்பது தெரிந்துவிடும். செயின் பிரேக்கை வாள் ஓடும்போது போட்டுப் பாருங்கள், செயின் உடனே நிற்க வேண்டும்.

வாளில் பொறித்திருக்கும் இலக்கத்தையும் பொலிஸ் பதிவுக் கடதாசியில் இருக்கும் இலக்கத்தையும் ஒன்றாக வைத்து வாசியுங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு முன்பணம் கொடுங்கள்.